அங்குலம் பெரிசா, அறை பெரிசா?



டிப்ளமோ படிக்கும் பிள்ளைக்கு நம் வீடுகளில் ஒரு தனி மரியாதை உண்டு. ஃபேன் சுற்றாவிட்டாலும், மிக்ஸி புகைந்தாலும், "தம்பி பாலிடெக்னிக் படிக்குது, அதக் கேளு" என்பார்கள். புது டி.வி. வாங்கும் நாளில் அந்த மரியாதைக்கே பரீட்சை வந்துவிடுகிறது. அன்று நம்மில் பலர் செய்வது என்ன? அட்டைப் பெட்டியில் இருக்கும் எண்களை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதுதான். "4கே-ப்பா, அதுதான் பெஸ்ட்!" இதைச் சொல்ல மூன்று வருடப் படிப்பு எதற்கு? கடையில் நிற்கும் விற்பனையாளரே சொல்லிவிடுவாரே!

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 32-இல் நின்ற கண்கள் இப்போது 43-க்கும் 55-க்கும் தாவுகின்றன. தாவட்டும், தப்பில்லை. ஆனால் என் கருத்து இதுதான்: டி.வி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் கடை அல்ல, நம் வீட்டுக் கூடம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

பழைய பிக்சர் டியூப் பெட்டிக்கு வந்த படம் 625 வரிகள். அதில் படமாகத் தெரிவது 576. டிஜிட்டல் கணக்கில் 720 x 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். ஃபுல் ஹெச்.டி. என்பது 1920 x 1080, சரியாக அதைப்போல் 5 மடங்கு. 4கே அதற்கும் மேலே 4 மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை புள்ளிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டியது நம் கண் அல்லவா?

நல்ல பார்வையுள்ள கண் ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்பது பொதுவான அளவுகோல். முதலாண்டில் படித்த திரிகோணமிதியை வைத்துக் கணக்கிட்டால், ஃபுல் ஹெச்.டி.யின் முழு நுணுக்கமும் தெரிய, திரையின் உயரத்தைப்போல் சுமார் 3.2 மடங்கு தூரத்துக்குள் உட்கார வேண்டும். 4கே-க்கு 1.6 மடங்கு. பழைய 576 வரிப் படத்துக்கு 6 மடங்கு போதும்.

43 அங்குல டி.வி.யின் திரை உயரம் சுமார் 21 அங்குலம். ஆக, ஃபுல் ஹெச்.டி. முழுதாய்த் தெரிய ஐந்தரை அடி. 4கே முழுதாய்த் தெரிய 3 அடிகூட இல்லை! பத்துக்குப் பத்துக் கூடத்தில், எதிர்ச் சுவரோரம் பாயில் உட்காருபவருக்கும் திரைக்கும் 8 அடி இருக்கும். அங்கிருந்து பார்த்தால், 43 அங்குலத்தில் அந்தக் கூடுதல் புள்ளிகளைக் கண் பிரித்துப் பார்க்கவே முடியாது. 4கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று கூடுதல் காசு கேட்டால் யோசியுங்கள் என்கிறேன்.

குழாயில் வருவது என்ன?

"அப்படின்னா 65 அங்குலமே வாங்கிடலாமே!" என்று ஒரு நண்பர் கேட்கலாம். வாங்கலாம், உள்ளே வருவது ஹெச்.டி.யாக இருந்தால். பெரிய தொட்டி கட்டிவிட்டு அரை அங்குலக் குழாய் போட்டால் தொட்டி நிறையுமா? பல வீடுகளில் புது ஹெச்.டி. டி.வி.யின் பின்னால் பழைய செட்டாப் பாக்ஸும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரும்தான் தொங்குகின்றன. அந்த மஞ்சள் ஒயர் பழைய தரப் படத்தைத்தான் கொண்டு வரும். 8 அடியில் அந்தப் படத்துக்கு 32 அங்குலமே போதும்; அதற்கு மேல் போனால் கலங்கல்தான் பெரிதாகும்.

எனவே ஹெச்.டி. பாக்ஸ், ஹெச்.டி. சேனல்களுக்கான கூடுதல் மாதக் கட்டணம், ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் ஆகிய மூன்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஒயருக்காகப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். ஆறடி நீளத்தில், சரியாக வேலை செய்யும் சாதாரண ஒயர் தரும் அதே டிஜிட்டல் படத்தைத்தான் தங்க முலாம் பூசியதும் தரும்.

கடையில் குந்திப் பாருங்கள்!

கடையில் ஓடும் மயிலும் அருவியும் டி.வி.யின் அழகைக் காட்டவே தயாரித்த படங்கள். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். "அண்ணே, சாதாரண நியூஸ் சேனல் ஒண்ணு போடுங்க" என்று கேளுங்கள். பிறகு ஓரமாய் நின்று ஒரு முறை, கீழே குந்தி ஒரு முறை பாருங்கள். சில பேனல்களில் நேரே பார்த்தால் கறுப்பு கறுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் வெளுத்துப் போகும். நம் வீட்டில் அம்மா சமையலறை வாசலில் நின்றும், பாட்டி தரையில் உட்கார்ந்தும்தானே பார்க்கிறார்கள்! கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பின்பு...

முதல் வேலை, கடையில் வைத்திருந்த அந்தப் பளபளப்பைக் குறைப்பது. இரண்டாவது, பழைய படங்களை இழுக்காமல் விடுவது. 4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துப் போவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே! மூன்றாவது, பரணுக்குக் கீழே உயரத்தில் மாட்டாமல் இருப்பது. தரையில் உட்காரும் வீட்டில் அது கழுத்து வலிக்கு அழைப்பிதழ்.

அடுத்து ஒலி. மெலிந்த பெட்டிக்குள் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, பல டி.வி.க்களில் அது கீழ்நோக்கியே இருக்கிறது. "படம் பளிச்சுனு இருக்கு, பேசுறதுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது காதுக் கோளாறால் மட்டும் அல்ல. வீட்டில் சும்மா கிடக்கும் ஆம்ப்ளிஃபயரை இணைத்துக் கொடுங்கள். அது நம்ம வேலைதானே!

மின்சாரத்தையும் விட வேண்டாம். 100 வாட் பெட்டி நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டு மாத பில்லில் 30 யூனிட். பெட்டியின் பின்புறம் எழுதியிருக்கும் வாட்டை வாங்கும் முன்பே பாருங்கள்.

தோழர்களே! நம்மில் பலரின் வீடுகளில் டி.வி. என்பது அப்பாவின் போனஸ், அல்லது மாதாமாதம் கட்டும் தவணை. வந்தால் பல வருடம் இருக்கும். நம் வார்த்தையை நம்பித்தான் அந்தப் பணம் வெளியே போகிறது. கடைக்குப் புறப்படும் முன் டேப்பை எடுத்துக் கூடத்தை அளந்து, பழைய பெட்டியின் பின்னால் எந்த ஒயர் வருகிறது என்று ஒரு முறை குனிந்து பாருங்கள். அதன் பிறகு எத்தனை அங்குலம் என்று பேசலாம்.

– இறுதியாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை