கரையில் பை காக்கும் பெண்கள்

நம் பெரிய காஞ்சிபுரத்திலிருந்தும் இலட்சத்தீவுக்குக் குடும்பத்தோடு சென்று வருவோரை இப்போது காண்கிறோம். கொச்சியில் கப்பலோ விமானமோ ஏறி அகத்தியிலோ கட்மத்திலோ இறங்கியதும் எழும் முதல் கேள்வி, மூச்சுக்குழாய் அணிந்து மிதந்தபடி பவளப்பாறைகளைக் காண எந்த இடம் நல்லது என்பதே. வீட்டுப் பெண்களும் இறங்கக்கூடிய இடமே நல்ல இடம் என்பது நம் கருத்து.

நடைமுறையோ வேறு. ஆண்களும் சிறுவர்களும் படகேறிச் செல்ல, தாயும் பாட்டியும் தென்னை நிழலில் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் ஹயா என்கிறோம். நாணம் உடையிலும் பார்வையிலும் பேணப்பட வேண்டியது. அல்லாஹ்வின் படைப்பைக் காண்பதற்கு அது தடையன்று. சூரா அர்ரஹ்மானில் முத்தும் பவளமும் அருட்கொடைகளாக எண்ணப்படுகின்றன. அந்த அத்தியாயம் விளிப்பது ஜின்களையும் மனிதர்களையும், ஆண்களை மட்டுமல்ல.

இலட்சத்தீவின் அமைப்பே இதற்குத் துணை நிற்கிறது. அங்கே நிலப்பகுதி பெரும்பாலும் பவளத்திட்டின் கிழக்கு விளிம்பில் இருக்க, மேற்கே ஆழங்குறைந்த காயல் விரிந்து கிடக்கும். வெளிக்கடலின் அலையைப் பாறை வரிசை தடுத்துவிடும். நீந்தத் தெரியாதவரும் மிதவைச் சட்டை அணிந்து, வழிகாட்டியின் துணையோடு அங்கே இறங்கலாம். காற்று அடங்கிய காலைப்பொழுது நன்று. நீர் மிகவும் வற்றிய வேளையில் பாறை உடலைக் கீறும். பாறை வரிசையின் இடைவெளிகளில் நீரோட்டம் இழுக்கும். ஆகவே ஏற்ற வற்றங்களை உள்ளூர் மீனவரிடம் கேட்டறிய வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுவதே அறிவு.

உடை பற்றியும் சொல்ல வேண்டும். புடவையோடோ அபாயாவோடோ கடலில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணியின் கனம் நெசவு ஊரில் பிறந்த நமக்குத் தெரியாததல்ல. அது காலைச் சுற்றிக்கொள்ளும். உடல் முழுதும் மூடும் நீச்சலுடை மானத்தையும் காக்கும், வெயிலிலிருந்தும் கீறலிலிருந்தும் தோலையும் காக்கும். 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்களாக உள்ள அத்தீவுகளில் அது விநோதமாகவும் படாது.

பவளத்தின் மீது கால் ஊன்றுவதை மட்டும் நாம் பொறுக்கலாகாது. அது கல்லன்று, உயிர். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் அங்குள்ள பவளங்கள் வெளிறிப் பெருமளவு மடிந்தன. நினைவுப் பொருளாக ஒரு துண்டை எடுத்து வருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததும் அதற்கொரு காரணம்.

இலட்சத்தீவுக்கு முன்அனுமதி இன்றிச் செல்ல இயலாது. அந்த விண்ணப்பத்தை நிரப்பும் நாளிலேயே, வீட்டில் யார் யார் நீரில் இறங்க விரும்புகிறார்கள் என்று பெண்களிடமும் கேட்டு, அத்தனை பேருக்கும் மிதவைச் சட்டைகளுக்குச் சொல்லிவிடலாம். பைகளை அறையிலேயே பூட்டி வைக்கலாம்.