கைப்பேசித் தூதும் கல்லூரி மாணவரும்

தூது தமிழர்க்குப் புதியதன்று. நாரையையும் கிள்ளையையும் நெஞ்சையும் தூது விட்ட புலவர் மரபு நம்முடையது. மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதாக அனுப்பிய தமிழ்விடு தூது, சிற்றிலக்கியங்களுள் தனிச்சிறப்பு வாய்ந்தது. திருவள்ளுவரோ தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, தூது செல்வோர்க்குரிய தகுதிகளைப் பத்துக் குறள்களில் ஆராய்ந்துள்ளார். இன்று நம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூது இருக்கின்றது. அதனைத் தேர்ந்துகொள்ளுமுன் நாம் எவ்வளவு ஆராய்கின்றோம்?

கல்வியாண்டு தொடங்கும் நாள்களில் கல்லூரி வாயிலருகே வண்ணக் குடை விரித்துச் சிம் அட்டை விற்போரைக் காண்கின்றோம். கைப்பேசிக் கருவியை வாங்குவதற்குப் பத்துக் கடை ஏறி இறங்கும் மாணவர், அதனுள் இடும் அட்டையை ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகின்றனர். தோழன் வைத்திருப்பது, விளம்பரத்தில் வந்தது, முதல் மாதம் இலவசம் என்பனவே காரணங்கள். இது சிறிய செய்தியன்றோ எனச் சிலர் கேட்கலாம். சிறியதன்று என்பதே நம் கருத்து.

1995 ஜூலை 31ஆம் நாள், அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு. 2003ஆம் ஆண்டுவரை, நமக்கு வரும் அழைப்பிற்கும் நாமே கட்டணம் செலுத்தினோம். அந்நாளில் கைப்பேசி செல்வர் கையிலிருந்த அணிகலன். இந்நாளிலோ அந்தப் பத்து இலக்க எண், ஏழை மாணவரின் அடையாளச் சான்றாகவே ஆகிவிட்டது. வங்கிக் கணக்கு, ஆதார், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஆகிய அனைத்தும் அந்த எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லை நம்பியே நிற்கின்றன.

நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் தகும். முதலாண்டு மாணவி ஒருவர் பேருந்து நெரிசலில் கைப்பேசியைப் பறிகொடுத்தார். உதவித்தொகைப் புதுப்பிப்புக்கு இன்னும் எட்டு நாள்களே இருந்தன. அதே எண்ணில் மாற்று அட்டை பெற்றுக்கொள்ளலாமே என்றோம். "சிம் அத்தா பெயரில் இருக்கிறது ஐயா, அவர் ரியாத்தில் இருக்கிறார்" என்றார் அவர். கடைக்காரர், பெயருக்குரியவர் நேரில் வரவேண்டும் என்றார். கடைக்காரர் மீது பிழையில்லை. பிறர் அட்டையைப் பிறர் பெற்றுவிடலாகாது என்பதற்காகவே அவ்விதி. புதிய எண் வாங்கி, ஆதார் மையத்தில் விரல்ரேகை பதித்து அதனை இணைத்து முடிப்பதற்குள் நாள் கடந்துவிட்டது. அவ்வாண்டு உதவித்தொகை அவருக்குக் கிட்டவில்லை. மதிப்பெண்ணில் குறைவில்லை, வறுமையிலும் ஐயமில்லை. எண் தம் பெயரில் இல்லை என்பது ஒன்றே குறை.

ஆதலின் முதற்கண் ஆராய வேண்டியது, எந்த நிறுவனம் என்பதன்று. இணைப்பு யார் பெயரில் என்பதே. 18 வயது நிரம்பாதவர் பெயரில் இணைப்பு வழங்கலாகாது என்பது விதியாதலால், பள்ளிப் பருவத்தில் தந்தை பெயரிலோ தமையன் பெயரிலோ வாங்கியிருப்பர். வயது நிரம்பியபின் அதனைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வழியை நிறுவனத்தின் கிளையில் கேட்டறிதல் வேண்டும். அயல்நாட்டில் பணிபுரியும் தந்தையர் விடுப்பில் ஊர் வருகையில், செய்து முடிக்க வேண்டியவற்றுள் இதனையும் ஒன்றாகக் கொள்க. மகளுக்குத் தன் பெயரில் ஓர் எண் எதற்கு என வினவும் பெரியவர்களும் நம்மிடையே உளர். பட்டச் சான்றிதழில் அவள் பெயர் இருக்க வேண்டும் என விரும்பும் நாம், அச்சான்றிதழ்வரை அவளை அழைத்துச் செல்லும் எண்ணில் அவள் பெயர் இருப்பதற்குத் தயங்குவது முறையன்று.

அடுத்து ஆராய வேண்டியது இடம். இன்று தமிழகத்தில் ஏர்டெல், ஜியோ, வி.ஐ., பி.எஸ்.என்.எல். ஆகியவை சேவை வழங்குகின்றன. இவற்றுள் எது சிறந்தது என்ற வினாவிற்குப் பொதுவிடை இல்லை. நகரில் நன்கு இயங்கும் நிறுவனத்தின் டவர் நம் சிற்றூரில் கிடைக்காமற் போகலாம். விடுதியின் மாடியில் பேச முடிவது கீழ்த்தள அறையில் முடியாமற் போகலாம். தம் வீடு, விடுதி அறை, வகுப்பறை, நாள்தோறும் செல்லும் பேருந்துத் தடம் ஆகிய நான்கிலும் எது கிடைக்கின்றது என முன்னரே அங்கிருப்போரிடம் கேட்டறிந்து தேர்க. எப்பகுதியில் எச்சேவை கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிடவேண்டும் என, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2024ஆம் ஆண்டு விதி வகுத்துள்ளது. அதனையும் பார்க்கலாம். எனினும் அறையில் அமர்ந்து நண்பர் கைப்பேசியில் பேசிப் பார்ப்பதே மேலான சோதனை.

மூன்றாவது கட்டணம். பல திட்டங்களின் கால அளவு 28 நாள். மாதம் ஒருமுறை என எண்ணி நாம் 12 முறை கணக்கிடுகின்றோம். ஆண்டுக்கு 13 முறை செலுத்த நேர்கின்றது. 300 ரூபாய்த் திட்டம் எனக் கொண்டால், 3,600 அன்று, 3,900 ரூபாய் ஆகும். 30 நாள் திட்டம் ஒன்றேனும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்கவேண்டும் என டிராய் 2022இல் ஆணையிட்டது. கடையில் கேட்டாலன்றி இவற்றைப் பெரும்பாலும் யாரும் எடுத்துரைப்பதில்லை. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தியபோது, அரசு நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை. மலிவைக் கண்டு பலர் அதற்கு மாறினர். மலிவு நன்றே. ஆயினும் நம் அறையில் டவர் கிடைக்காத மலிவு, வீண் செலவேயாகும்.

தேர்வு தவறிவிட்டால் என் செய்வது? இங்குதான் மாணவர் பலர் பிழை செய்கின்றனர். பழைய அட்டையை எறிந்துவிட்டுப் புதிய எண் வாங்குகின்றனர். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை, 2011 ஜனவரி முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. ஒரு நிறுவனத்தில் 90 நாள் கழிந்தபின், 'போர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுடன் நம் எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதனையும் அடையாளச் சான்றையும் புதிய நிறுவனத்திடம் அளித்தால் போதும். எஞ்சிய தொகையும் நாள்களும் உடன் வாரா. ஆதலின் திட்டக்காலம் முடியும் தறுவாயில் மாறுதல் நன்று. 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏர்செல் நிறுவனம் நொடித்தபோது, தமிழகத்தில் மக்கள் தம் எண்ணைக் காத்துக்கொண்டது இவ்வுரிமையால்தான். நிறுவனம் மறைந்தது. எண் மறையவில்லை.

எறியப்பட்ட எண்ணோ அவ்வாறன்று. பயன்படுத்தாமல் விட்ட எண் சில மாதங்களுக்குப்பின் வேறொருவருக்கு வழங்கப்படும். நம் வங்கியின் கடவுச்சொல் முன்பின் அறியாதவர் கைக்குச் செல்லும். நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை, அரசு 2023இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் ஒவ்வொருவரும் பார்த்தறியலாம். குடைக்கடையில் கைவிரல் வைத்தோர் கட்டாயம் பார்க்கவேண்டும்.

கல்லூரிக்கும் இதில் கடமை உண்டு எனக் கருதுகின்றோம். சேர்க்கை நாளில் எண்ணைக் கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொள்வதுடன் நம் பணி முடிவதில்லை. அந்த எண் யார் பெயரில் உள்ளது என ஒரு சொல் கேட்டல் வேண்டும். எந்தக் கட்டடத்தில் எந்த டவர் கிடைக்கும் என்பதை மூத்த மாணவரைக் கொண்டு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அதற்குச் செலவு ஒரு தாள் மட்டுமே.

புதிதாக வந்துள்ள மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. நிறுவனத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுக. எண்ணை மாற்றாதீர். அந்த எண் உம் பெயரில் இருக்கட்டும். தூதினைத் தேர்ந்த பின்னரே செய்தியை ஒப்படைத்தனர் நம் முன்னோர். நாமும் அவ்வாறே செய்வோமாக.