கௌரவமும் பரிசிலும்

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு போதாது' என்பது கல்லூரி ஆசிரியர் அறைகளில் மூத்தவர்கள் ஓயாமல் சொல்லும் வாசகம். அவர்கள் குறிப்பிடுவது 1981க்கும் 1996க்கும் இடையே பிறந்த மில்லினியல் தலைமுறையை. அதன் வாசற்படியில் நிற்பவன் என்பதால் இரு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழுகிறது.

குற்றச்சாட்டுகள் இவை: வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாக் குழுவுக்கான கோப்பு வேலைக்கு அழைத்தால் காரணம் கேட்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவுக்கு மறுநாள்தான் பதில் தருகிறார்கள். 'கல்லூரி ஒரு குடும்பம்' என்றால் மெல்லச் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பை அவமரியாதை என்று நான் கருதவில்லை. முந்தைய தலைமுறையின் அர்ப்பணிப்பு மெய்யானது. ஆனால் அதற்கு அடியில் ஒரு தரை இருந்தது: நிரந்தரப் பணி, முறையான ஊதிய உயர்வு, இறுதிவரை ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் நீண்டபோது, அவ்விடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் அமர்த்தப்பட்டனர். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் இத்தகையோருக்கு ஒரு விரிவுரைக்கு ரூ.1,500 என்றும், மாத உச்சவரம்பு ரூ.50,000 என்றும் வகுத்தது. தமிழக அரசுக் கல்லூரிகளிலோ தொகுப்பூதியம் ரூ.15,000, ரூ.20,000, ரூ.25,000 என்றே ஊர்ந்தது. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். பெயரில் மட்டும் கௌரவம்! குடும்பம் என்றால் பன்னிரண்டாவது மாதம் சோறு கிடையாதா என்று அவர்கள் கேட்பதில் என்ன பிழை?

பாலக்கோட்டில் வாழும் நமக்கு இது புதிய கேள்வியன்று. தகடூர் எனப்பட்ட தர்மபுரியை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையார் வாயிற்காவலனை முன்னிலைப்படுத்திப் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாடல். கற்றவருக்கு எத்திசையிலும் இடமுண்டு என்ற நிமிர்வு அதில் உண்டு. அரிய நெல்லிக்கனியை அவருக்கே ஈந்தவன் அதே அதியமான்தான். அன்பும் உரிமைக் கேள்வியும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

எனினும் ஒரு கவலை எனக்குண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவி, வகுப்பில் கேட்கத் தயங்கியதை மணி அடித்த பிறகே கேட்கிறாள். தக்காளிச் சந்தைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் போகும் பெற்றோரிடம் அதைக் கேட்க இயலாது. அந்த அரைமணி நேரத்துக்குக் காத்திருக்கும் ஆசிரியர் எந்தப் பணியேட்டிலும் பதிவாவதில்லை. மணிக்கணக்கு பார்க்கும் பழக்கம் முற்றினால் முதலில் இழப்பவள் அவள்தான். இதை இளையவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த அரைமணியை அறிவுரையால் வாங்கிவிட முடியாது. மே மாதச் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலையோடு பேருந்துக்கு ஓடும் ஒருவரிடம் தியாகம் பற்றிப் பேசுவது நமக்கு அழகன்று. பணிப் பாதுகாப்பும் உரிய ஊதியமும் முதலில் வரட்டும். ஈடுபாடு குறித்து அதன் பிறகு உரிமையோடு பேசலாம்.