விண்டோஸ் 10க்குப் பிறகு: சிறு அச்சகங்களுக்கான எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நம் கடைகளில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். புதிது வாங்குவதா, லினக்ஸுக்கு மாறுவதா, இருப்பதையே ஓட்டுவதா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.

விலையை முதலில் பார்க்க வேண்டாம் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. இந்த மெஷினில் என்ன வேலை நடக்கிறது, படுத்துவிட்டால் யார் வந்து சரிசெய்வார், திருத்தங்கள் எந்த வருடம் வரை கிடைக்கும்? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு விலை பேசலாம். முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை இரண்டு நாள் தாமதமானால் ஆகும் நஷ்டம் எந்த லைசென்ஸ் பில்லிலும் வராது.

காசு கொடுத்ததாலேயே நம்பகம் வந்துவிடாது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கட்டணப் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. இலவசமும் வாக்குத் தவறும். சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி நிறுவியவர்களுக்கு, அது 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள்.

கிராக் போட்ட விண்டோஸை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் அதைப் போடாதவர்கள். கிராக் கெட்டுவிடுமோ என்று பயந்து அப்டேட்டையே அணைத்து வைப்பது நம் தொழிலில் சகஜம்.

சிக்கல் டைப்செட்டிங் மெஷினில்தான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். நம் பழைய வேலைகளெல்லாம் அதில்தான், அதுவும் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் கிடக்கின்றன. லினக்ஸில் உள்ள ஸ்கிரைபஸ் இன்று யூனிகோட் தமிழைச் சரியாகவே அமைக்கிறது. ஆனால் பழைய பேஜ்மேக்கர் கோப்பு அதில் அச்சு மாறாமல் திறக்கும் என்று நம்பி வாடிக்கையாளருக்குத் தேதி கொடுக்க முடியாது. எனவே அந்த ஒரு மெஷினை இருக்கும் விண்டோஸிலேயே விட்டு, இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை நேராக அதில் செருகாதீர்கள். கேபிள் இல்லாத மெஷினுக்கு வைரஸ் வரும் முக்கிய வழி அதுதான்.

பில், மெயில், பிடிஎஃப் பார்க்கும் கவுன்டர் மெஷினுக்கு டெபியன் லினக்ஸோ உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்போ போதும். இரண்டுக்கும் ஐந்தாண்டு இலவசத் திருத்தம் உண்டு. மாற்றுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். கடைகள்தோறும் உள்ள சில பழைய லேசர் மாடல்கள் அங்கே முரண்டு பிடிக்கின்றன. உள்ளூரில் லினக்ஸ் தெரிந்த சர்வீஸ் ஆள் கிடைக்காதவர்கள் மாற வேண்டாம். அவர்களுக்கு லைசென்ஸுடன் கூடிய புது கம்ப்யூட்டரே மலிவு. விண்டோஸ் 10க்கு நிறுவனங்களுக்கான நீட்டிப்புத் திருத்தம் முதல் வருடம் 61 டாலர், பிறகு வருடந்தோறும் இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டாலர். பழைய மெஷினுக்கு அவ்வளவு கொட்டத் தேவையில்லை.

புதிதாக எடுக்கும் வேலைகளை இனி யூனிகோடிலேயே அமைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தமிழ்நாடு அரசு 2010இலேயே அதற்கு மாற ஆணையிட்டது. பேஜ்மேக்கர் மெஷினை எப்போது மூடலாம் என்பது அந்த வேலை எவ்வளவு நடக்கிறது என்பதைப் பொறுத்தது.