ஊர் பார்க்கும் வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரை உற்சவ நாளன்று நேரே வீதிக்கு இழுத்து வர எவரும் துணியார். முன்னதாக ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பர். சில்லு சரியாக உருள்கின்றதா, தேர் ஒரு பக்கம் சாய்கின்றதா, திருப்பத்திலே எவ்வளவு இடம் வேண்டும் என்பனவெல்லாம் அன்றே தெரிய வரும். நாடகத்துக்கும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு என்பதையும், அதற்கென்றே பெயர் பெற்ற ஊர்கள் அமெரிக்காவில் உள்ளன என்பதையும் இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

நியூயோர்க் நகரின் பிறோட்வே, இசை நாடகங்களின் தலைநகரம். அங்கே ஒரு நாடகத்தை மேடையேற்றுவதற்குப் பெரும் பொருள் வேண்டும். முதல் நாள் விமர்சகர்கள் கைவிட்டால் அப்பொருள் முழுவதும் ஒரே இரவில் நீரிற் கரைந்த உப்பாகிவிடும். ஆதலின் நாடகக்காரர் முதலில் நியூ ஹேவன், பொஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன், டிட்ரோயிட் முதலிய நகரங்களுக்குச் சென்று ஆடிப் பார்ப்பது வழக்கமாயிற்று. நியூயோர்க்கிலிருந்து ஏறத்தாழ 75 மைல் தொலைவிலுள்ள நியூ ஹேவனில், 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஷுபேர்ட் அரங்கு இவ்வகையிற் புகழ் பெற்றது. அவ்வூர் மக்களுக்கு இதனாலே எத்துணைப் பெருமை! தலைநகரத்துச் செல்வர் பின்னர் காத்திருந்து காணும் நாடகத்தை அவர்கள் முன்னரே கண்டுவிடுகின்றனர்.

ஆயினும் அவர்கள் காண்பது முடிந்த சிற்பமன்று. உளி இன்னும் ஓயாத கல். 1943 மார்ச் 11ஆம் நாள் அவ்வரங்கில் ஓர் இசை நாடகம் முதன்முதலாக ஆடப்பட்டது. றிச்சார்ட் றொட்ஜர்ஸ் இசை. ஒஸ்கார் ஹமர்ஸ்ரைன் சொல். இருவரும் முதன்முறை கூடிச் செய்த ஆக்கம் அது. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஹமர்ஸ்ரைன் கண்டவை பெரும்பாலும் தோல்விகளே. நாடகத்தை நடத்திய கழகமோ பணமுடையிற் கிடந்தது. கவர்ச்சி ஆட்டமும் துணுக்குகளும் இல்லாத இந்நாடகம் பிழைக்க வழியில்லை என்ற பேச்சு நியூயோர்க் வரைக்கும் பரவிற்று. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. பாடல் ஒன்றை நீக்கினர். வேறொரு பாடலைக் கூட்டமாகப் பாடும் எழுச்சிப் பாட்டாக மாற்றினர். அப்பாட்டின் பெயரையே நாடகத்துக்கும் சூட்டினர். அதுவே ‘ஒக்லஹோமா!’. பொஸ்டனிலும் ஆடிய பின் மார்ச் 31ஆம் நாள் பிறோட்வேயை அடைந்தபோது முதல் நாள் அரங்கு நிரம்பவில்லை. பின்னரோ 2,212 முறை ஆடப்பட்டு, அக்காலத்து இசை நாடகச் சாதனைகளை எல்லாம் முறியடித்தது.

அதே அரங்கில் 1956 பெப்ரவரி 4ஆம் நாள் ‘மை பெயர் லேடி’யின் முதல் ஆட்டம். வெளியே கடும் பனி. முழு வாத்தியக் குழுவோடு பாடிப் பழகாத கதாநாயக நடிகர் றெக்ஸ் ஹரிசன் அன்று மேடையேற மறுத்துவிட்டார். பலர் வற்புறுத்திய பின்னரே இசைந்தார். நாடகம் நடந்தது, வெற்றியும் பெற்றது. எனினும் நீளம் மிகுதி என்று கண்டு, இரண்டு பாடல்களையும் ஒரு நடனத்தையும் வெட்டி எறிந்தனர். மாணவர் கட்டுரைகளைத் திருத்துவதிலே காலங் கழிக்கும் நமக்கு, இச்செய்கை பெரும் வியப்பைத் தருகின்றது. எழுதிய வரியை நீக்கச் சொன்னால் முகம் வாடாத மாணவர் எத்தனை பேர்? இவர்களோ கைதட்டல் கிடைத்த மறுநாளே கத்தரிக்கோலை எடுத்தனர்.

சபையின் மௌனமும் ஒரு திருத்தமே. 1962இல் வாஷிங்டன் நகரில் ஆடப்பட்ட ஒரு நகைச்சுவை இசை நாடகத்துக்குச் சபையோர் வேண்டிய அளவு சிரிக்கவில்லை. வேடிக்கை நாடகம் என்பதைத் தொடக்கப் பாட்டு உணர்த்தவில்லை என்பதே காரணம் என்று, உதவிக்கு வந்த ஜெரோம் றொபின்ஸ் கண்டுகொண்டார். ஸ்டீபன் சொண்ட்ஹைம் புதிய தொடக்கப் பாட்டொன்றை இயற்றினார். நியூயோர்க்கில் அந்நாடகம் 964 முறை நடந்தது. சிரிக்காத வாஷிங்டன் மக்கள் செய்த உபகாரம் அது!

வெள்ளோட்டம் விட்ட தேரெல்லாம் நிலைக்கு வந்து சேர்ந்துவிடும் என்று எண்ணுதலும் தகாது. ‘பிறேக்பாஸ்ட் அட் டிபனீஸ்’ என்னும் கதை 1966இல் இசை நாடகமாகிப் பிலடெல்பியாவிலும் பொஸ்டனிலும் ஆடப்பட்டது. எவ்வளவோ மாற்றியும் பயனில்லை. நியூயோர்க்கில் நான்கு முன்னோட்டங்கள் நடந்ததும், தயாரிப்பாளரே திரையை இறக்கிவிட்டார்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். அரைகுறையான ஆக்கத்துக்கு அவ்வூரார் ஏன் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்? பரிசோதனைக்கு ஆளாகின்றவர்களிடமே பணமும் பெறுவது முறையாகுமா? இக்கேள்வியைப் புறக்கணித்தல் கூடாது. குடும்பத்தோடு வருகின்ற ஒருவருக்கு அச்சீட்டின் விலை சிறிதன்று. எனினும் அவர் வாங்குவது நாடகத்தை மட்டுமன்று. அதனை ஆக்குவதிலே ஒரு பங்கையும் வாங்குகின்றார் என்பதே நம் கருத்து. அவரது சிரிப்பு, இருமல், எழுந்து போதல் யாவும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. பிறோட்வேயிற் சீட்டு வாங்குகின்றவருக்கு இவ்வுரிமை இல்லை.

செலவு பெருகியமையாற் பல நாடகங்கள் இப்பொழுது நியூயோர்க்கிலேயே முன்னோட்டம் ஆடிவிடுகின்றன. ஆயினும் பழைய வழக்கம் அற்றுப்போகவில்லை. 2003இல் ‘விக்கெட்’ சான் பிரான்சிஸ்கோவிலே முதலில் ஆடப்பட்டது. இரு நாயகியருள் ஒருத்தி மற்றவளை மறைத்துவிடுகின்றாள் என்று அங்கே கண்டு, கதையைத் திருத்திய பின்னரே அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் பிறோட்வேயில் அரங்கேற்றினர். இருபது ஆண்டுகள் கடந்தும் அது அங்கு நடைபெற்று வருகின்றது.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. முன்னர் நியூ ஹேவனில் நேர்ந்த பிழை நியூ ஹேவனோடு பெரும்பாலும் தங்கிவிடும். இன்றோ கைத்தொலைபேசி வாயிலாக அன்றிரவே உலகெங்கும் பரவுகின்றது. திருந்துவதற்கு வேண்டிய மறைவிடம் சுருங்கிவிட்டது. ஆகவே புதிய நாடகம் ஒன்று தம் ஊருக்கு முதலில் வரும் பேறு பெற்றோர், மகிழ்ச்சியோடு சென்று பார்க்கட்டும், நன்றாயின் கைதட்டட்டும், நன்றன்றாயின் சிரிக்காதிருக்கட்டும். தீர்ப்பை ஊருக்கு அறிவிப்பதற்கு மாத்திரம் சில வாரங்கள் பொறுத்திருக்கட்டும். தச்சன் கையில் உளி இருக்கும்போது தேரைப் பழித்தல் அறமன்று.