கன்னக்கோல் இல்லாத திருடர்

கன்னக்கோல் கொண்டு சுவரைத் துளைத்த திருடர் காலம் போயிற்று. இன்றைய திருடர் பட்டப்பகலில், "வணக்கம் அம்மா" என்று தொலைபேசியில் அழைத்தே வருகின்றனர்.

சென்ற ஆண்டு என் அன்னைக்கு அப்படி ஓர் அழைப்பு. "உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்துள்ளது. நாங்கள் அனுப்பும் குறியீட்டை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை அழுத்துங்கள்." என் பெயரும் வகுப்பும் அவனுக்குத் தெரிந்திருந்தன, அம்மா நம்பினார். தேர்வுக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் போயிற்று. பணம் செலுத்தத்தான் இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. பொருளியல் படிக்கிறேனாம்!

அதைவிடக் கொடுமை, மூன்று நாள் அவர் வாய் திறக்கவில்லை. "படித்த மகள் இருந்துமா ஏமாந்தாய்?" என்று ஊர் சிரிக்குமே என்ற நாணம். உடனே 1930 என்ற எண்ணில் தெரிவித்திருந்தால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுமுன் முடக்க வழியுண்டு. மூன்று நாளில் அது எத்தனை கை மாறியதோ!

அம்மாவை விடுங்கள். காவலர் உடையில் வீடியோவில் தோன்றி "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவோரிடம் மருத்துவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இலட்சக்கணக்கில் இழந்திருக்கின்றனர். அப்படியொரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. இவர்களெல்லாம் படிக்காதவர்களா? ஏமாந்தவரைப் பார்த்து நாம் சிரிக்கும் சிரிப்புத்தான் கள்வனுக்கு அந்த மூன்று நாள்களைத் தருகிறது.

இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், மரம் நடுவதோடு வீடு வீடாகச் சென்று தாய்மார்களின் கைப்பேசியில் 1930 என்ற எண்ணைப் பதிந்து கொடுத்தால் என்ன? என் வீட்டில் தொடங்கிவிட்டேன்.