பத்து இடத்துப் பெட்டியில் பன்னிரண்டு இலக்கம்

டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய விவாதத்தில் தனியுரிமை, இந்திய நிதியுதவி, தரவு யார் கையில் என்ற கேள்விகள் எழுகின்றன. எழ வேண்டியவைதான். ஆனால் வலப்பனைத் தோட்டங்களில் சேமலாப நிதிக்காக அலைகிறவர்களுடன் பேசும்போது எனக்கு வேறொரு கேள்வியே பெரிதாகப் படுகிறது. பழைய கணனியில் இருக்கும் ஆள், புதிய கணனியிலும் அதே ஆள்தானா?

2016க்கு முந்திய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன; மொத்தம் பத்து இடம். புதியதில் பன்னிரண்டு இலக்கம். மாற்றும் கணக்கு எளிது: பிறந்த ஆண்டுக்கு முன் 19, தொடரிலக்கத்துக்கு முன் ஒரு பூச்சியம். கடைசி எழுத்து போய்விடும். ‘வி’ என்றால் வாக்குரிமை உள்ளவர், ‘எக்ஸ்’ என்றால் பொதுவாக அது இல்லாதவர். 1948இல் பறிபோன பிரஜாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த மலையகத்துக்கு அந்த எழுத்து போனதில் வருத்தமில்லை.

சிக்கல் பழைய கணனிகளில்தான். ஐபிஎம்மின் ஏஎஸ்/400 (1988) வழிவந்த நடுத்தர இயந்திரங்கள் உலகெங்கும் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒரு செய்நிரல் அடுத்ததற்குத் தகவல் கொடுக்க ஒரு வழி, இரண்டுக்கும் பொதுவான சிறு பலகை. முந்தைய சிஸ்டம்/36இல் அது 512 எழுத்து, ஏஎஸ்/400இல் 1024. ‘இது பெயர்’, ‘இது இலக்கம்’ என்று அதில் தலைப்பு கிடையாது. முதல் பத்து இடம் அட்டை இலக்கம், பதினோராவதிலிருந்து பெயர் என்று இரு பக்கமும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். புதிய மென்பொருள் பன்னிரண்டை எழுதினால் கடைசி இரண்டு இலக்கம் பெயருக்குள் விழும், அல்லது வெட்டுப்படும். பல சமயம் இயந்திரம் வாயே திறக்காது. வருடங்கள் கழித்து, பணம் கேட்டுப் போகிறவர்தான் பிழையைக் கண்டுபிடிப்பார்!

பெயர் இன்னும் மோசம். அந்தக் காலக் கணனியில் தமிழெழுத்து ஏறாது. லெட்சுமியைத் தோட்டத்துக் கிளார்க் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் பதிவாளர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் அரசிடமிருந்து கம்பனிகளுக்குப் போனது. ஏடுகளும் கை மாறின. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில், 2009இல் துணிப்பெட்டியோடு பத்திரங்களையும் இழந்தவர்கள் உண்டு. அவர்களிடம் எஞ்சிய சாட்சி கணனிப் பதிவு மட்டுமே.

தொழில்நுட்பத் தீர்வு பெரிய வித்தையல்ல. பழையதற்கும் புதியதற்கும் நடுவே, நீளம் சரிபார்த்து, இரண்டு இலக்கங்களையும் ஒரே ஆளுடன் இணைத்து வைக்கும் ஒரு நிரல் போதும். பொருந்தாதவை தனிப் பட்டியலாக வெளியே வரும். அந்தப் பட்டியல் யாருடைய வேலை என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அது பிரதேச செயலகங்களுக்குத் தமிழிலும் அனுப்பப்பட்டு, அலுவலரே ஆளைத் தேடிப் போய்த் திருத்த வேண்டும். இப்போதைய வழக்கப்படி, ஓய்வுபெற்ற அம்மா கொழும்புக்கு ஏறி இறங்குகிறார். கூடப் போகும் மகளுக்கு இரண்டு நாள் பேர் விழாது.